லாரியில் பீரோ நடக்குமா?

நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப்பண்ணைகளிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்புகிறது. கேரளத்துக்குப் போவது லாரியிலேயே போய்ச் சேரும். வளைகுடா நாடுகளுக்குப் போவது துறைமுகம் வரை லாரியில் போய் அங்கே கப்பல் ஏறும். முட்டை ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதைச் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கிப் போகிற லாரியில் உடைந்து வீணாவது கொஞ்சம்தான். இல்லாவிட்டால் இந்த வியாபாரமே நடக்காது. அதே நாமக்கல்லில் பாடி கட்டிய இன்னொரு லாரியில் ஒரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றிச் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அனுப்புங்கள். தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நல்ல நாலுவழிச் சாலை. இறக்கும்போது கட்டில் காலில் ஆட்டம் இருக்கும், பீரோவின் பக்கத் தகடு உள்வாங்கியிருக்கும், டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரு கீறல் ஓடியிருக்கும்.

இரும்பும் தேக்கும் தோற்றுப்போன இடத்தில் முட்டை எப்படித் தப்புகிறது? ஓடு பலமானது என்பது பாதி பதில்தான். அட்டைக்குள் முட்டைக்கு அசைய இடமில்லை, லாரிக்குள் பீரோவுக்கு நிறைய இடம் இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. வீடு மாற்றும்போது எல்லோரும் சாமானைச் சுற்றுவதில்தான் கவனம் வைக்கிறார்கள். சுற்றியது நகராமல் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. சேதத்தில் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முட்டை அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, அச்சில் படியவைத்துக் காயவைத்தது. வரிசைக்கு 6 வீதம் 5 வரிசை, மொத்தம் 30 குழி. குழியின் சரிந்த சுவர் முட்டையை ஒரு புள்ளியில் தாங்காமல் ஒரு வளையமாகச் சுற்றித் தாங்குகிறது. குழிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோபுரங்கள் எழும்பி நிற்கும். வெறும் அட்டைகளை ஒரே வாக்கில் அடுக்கினால் கோபுரம் கோபுரத்துக்குள் இறங்கி, நூறு அட்டையும் ஒரு சின்னக் கட்டாகிவிடும். முட்டை வைத்த அட்டையை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி வைப்பார்கள். அப்போது கோபுரம் கோபுரத்தின்மேல் உட்காரும், மேலே இருக்கும் சுமையில் பெரும்பகுதி அந்தத் தூண்கள் வழியாகவே கீழே இறங்கிவிடும். பண்ணையில் அடுக்குபவரின் கை இந்தத் திருப்பலை யோசிக்காமலே செய்துகொண்டு போகும். கூர்முனை கீழே, காற்றறை உள்ள மழுங்கிய முனை மேலே. சுமாரான முட்டையின் எடை 55 கிராம். நீளவாக்கில் மெதுவாக அழுத்தினால் அதன் ஓடு மூன்று நான்கு கிலோ வரை தாங்கும். இவ்வளவு தெம்பு இருந்தும் அந்தத் தெம்பைச் சோதிக்காத மாதிரி அடுக்குவதில்தான் சூட்சுமம்.

முட்டைக்கென்று தனிக் குழி வைத்த பெட்டியை 1911-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் கோய்ல் என்ற பத்திரிகைக்காரர் செய்தார். முட்டை உடைந்து வருகிறதென்று ஒரு விடுதிக்காரரும் விவசாயியும் போட்டுக்கொண்ட சண்டை காதில் விழுந்து, அதைத் தீர்க்க முனைந்தாராம். ஒன்றோடொன்று மோதவிடாமல் ஆளுக்கொரு அறை. இதற்குமேல் அந்தக் கண்டுபிடிப்பில் ஒன்றுமில்லை, இதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

சாமான் விழுவதால் உடைவதில்லை, நிற்பதால் உடைகிறது. வேடிக்கைப் பேச்சு இல்லை, கணக்கு. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுகிறது. சிமெண்ட் தரையில் பட்டு 2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், நிற்கும் அந்த நொடித்துளியில் அதன்மேல் வரும் விசை அதன் எடையைப்போல் சராசரியாக 150 மடங்கு. விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால் போதும், அந்த எண் வந்துவிடும். அதே பொருள் ஒரு மெத்தையில் விழுந்து 3 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் வெறும் 10 மடங்கு. விழுந்த உயரம் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். நிற்க எவ்வளவு தூரம் கிடைத்தது என்பதுதான் வித்தியாசம். கேஸ் சிலிண்டர் இறக்குபவர்கள் கீழே ஒரு பழைய டயரைப் போட்டு அதன்மேல் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரப்பர் அமுங்கும் சில சென்டிமீட்டர்தான் சிலிண்டருக்கும் தரைக்கும் நடுவே நின்று பேரம் பேசுகிறது. பீரோ இறக்கும்போது மட்டும் அந்த டயர் ஏனோ யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இந்தக் கணக்கை முழுசாக எழுதி வைத்தவர் ரேமண்ட் மின்ட்லின் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். பெல் தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் 1945-ல் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. அதன் பேசுபொருளே பெட்டிக்குள் வைக்கும் மெத்தையின் இயக்கம்தான். அவர் பிரித்துக் காட்டிய ஒரு விஷயம் வீட்டுச் சாமானுக்கு அப்படியே பொருந்தும். வெளிப்பெட்டி, அதற்குள் மெத்தை, அதற்குள் பொருள், அந்தப் பொருளுக்குள்ளும் தனியாக ஆடக்கூடிய ஓர் உறுப்பு. அடி வெளியே விழுந்தாலும் உடைவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன அந்த உள்ளுறுப்புதான். பிரிட்ஜை நாலு பக்கமும் தெர்மோகோல் வைத்து ஏற்றுகிறோம், உள்ளே கண்ணாடித் தட்டுகளை அப்படியே விட்டுவிடுகிறோம். கிரைண்டரைச் சாக்கு சுற்றி வைக்கிறோம், டிரம்முக்குள் உருளைக் கல்லை எடுப்பதில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தக் கல் உள்ளேயிருந்து அடித்துக்கொண்டே வரும்.

இனி லாரிக்கு வருவோம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இல்லாத குடும்பம் குறைவு என்பதால் இதில் நம்மூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் லோடுமேன் அனுபவத்தில் சொல்லும் சில சொற்களுக்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. ‘காலி வண்டி தூக்கிப் போடும்’ என்பார்கள். லாரியின் எடை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்மேல் நிற்கிறது. பத்து டன் ஏற்றுவதற்கென்று அளவெடுத்துப் போட்ட பட்டைகள் அவை. பத்து டன் ஏற்றினால் சில சென்டிமீட்டர் அமுங்கி, வினாடிக்கு இரண்டு மூன்று முறை நிதானமாக ஆடும். ஒரு குடும்பத்தின் சாமான் மொத்தமும் சேர்ந்தாலே இரண்டு டன் வருமா என்பது சந்தேகம். அந்தச் சுமைக்குப் பட்டை அமுங்கவே அமுங்காது. ஒரு வண்டி தன் சுமையால் எவ்வளவு அமுங்குகிறது என்பதைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் அந்த வண்டி வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்று வந்துவிடும். 4 சென்டிமீட்டர் அமுங்கினால் இரண்டரை முறை. 1 சென்டிமீட்டர்தான் அமுங்கினால் 5 முறை. ஆட்டம் வேகமாகும், உதறல் கூடும். போதாததற்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால் சின்னச் சின்ன அதிர்வுக்கு அவை அசைந்தும் கொடுக்காது, சக்கரம் வாங்கியதை அப்படியே மேலே அனுப்பிவிடும். ‘பெரிய வண்டியாக எடுத்துக்கொள்ளலாம், சாமான் தாராளமாக இருக்கும்’ என்று நினைப்பவர்கள் சாமானுக்கு உபகாரம் செய்யவில்லை. சின்ன வீட்டுக்குக் ‘குட்டி யானை’ வண்டி இரண்டு நடை போவது எத்தனையோ மேல்.

லாரிக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஆட்டம் குறைவு. பின் சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் மோசம்; பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து குழியில் தூக்கிப் போட்டு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனால் கண்ணாடி ஷோகேஸை நாம் எங்கே வைக்கிறோம்? ‘உடையற சாமான், கடைசியா ஏத்துங்க, மொதல்ல எறக்கிடலாம்’ என்று ஆசையாகச் சொல்லி, சரியாக அந்தக் கடைசி சீட்டில்தான் உட்கார வைக்கிறோம்.

பீரோ ஓரிடத்தில் நிற்பது எதனால்? அதன் எடை தளத்தை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது, உராய்வு அதைப் பிடித்து வைக்கிறது. மரப்பலகைத் தளத்தில் இரும்புக் காலுக்குக் கிடைக்கும் பிடி, எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். லாரி ஒரு குழியில் இறங்குகிறது. தளம் சடாரென்று கீழே போகிறது. பீரோவும் கீழே வந்தாக வேண்டும், ஆனால் அதை இழுப்பது பூமி ஒன்றுதான். தளம் அதைவிட வேகமாக இறங்கினால் பீரோ ஒரு கணம் எடையில்லாமல் நிற்கிறது. எடை இல்லையென்றால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லையென்றால் உராய்வும் இல்லை. அந்தக் கணத்தில் 80 கிலோ பீரோவை ஒரு சின்னப் பிள்ளை விரலால் தள்ளினாலும் நகரும். லாரி லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் போதும், தானே நகர்ந்துகொள்ளும். அடுத்த குழியில் இன்னும் அரை அங்குலம். தொப்பூர் கணவாய் தாண்டி வருவதற்குள் சாமான் எல்லாம் இடம் மாறிக் கிடப்பது இப்படித்தான். யாரும் தள்ளவில்லை. குழி குழியாக அவை நடந்து வந்திருக்கின்றன.

கயிற்றின் வேலை இங்கேதான் புரிகிறது. சாமான் விழாமல் பிடிப்பதற்கு என்று கயிறு கட்டுவதாக நினைக்கிறோம். இறுக்கிக் கட்டிய கயிறு அதற்கு முன்பே இன்னொரு காரியம் செய்கிறது. சாமானைத் தளத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கிறது. குழியில் எடை போனாலும் கயிறு கொடுக்கும் அழுத்தம் போகாது, உராய்வும் மிச்சமிருக்கும். தளர்ந்த கயிற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பீரோ கிளம்பி நன்றாக வேகம் பிடித்த பிறகு வெடுக்கென்று இழுத்து நிறுத்தும், அது உதைப்பதற்குச் சமம். லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும்போது கயிற்றின் நடுவில் ஒரு கண் போட்டு, நுனியை வண்டியின் கொக்கியில் நுழைத்து, மறுபடி அந்தக் கண் வழியாக வாங்கிக் கீழ்நோக்கி இழுப்பார்கள். கண்ணும் கொக்கியும் இரண்டு கப்பிகளாகி, இழுக்கிற கைக்குக் கணக்குப்படி மூன்று மடங்கு பலன். கயிறு கயிற்றில் உரசுவதால் முழுசாகக் கிடைக்காது என்றாலும், கிடைப்பதே வெறுங்கையால் இழுப்பதைவிட அதிகம். உரசலுக்கு ஒரு நன்மையும் உண்டு: முடிச்சை முடித்து வைக்கும்வரை இழுத்த இழுப்பு நழுவாமல் நிற்கிறது.

கயிறு விளிம்பில் படும் இடத்தில் மட்டும் ஒரு விபரீதம். அவ்வளவு இழுப்பும் ஒரு கோட்டில் விழுவதால் பாலிஷும் மரமும் பதிந்துபோகும். லோடுமேன் தலையில் வைத்துக்கொள்ளும் சும்மாடு என்ன செய்கிறதோ அதையே அங்கும் செய்ய வேண்டும்; மூலைக்கு மூலை நாலாக மடித்த சாக்கு. விசையைக் குறைக்காது, பரப்பிக் கொடுக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இந்த வளைவுகளில் பீரோவை எப்படி நிறுத்துவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஆறடிப் பீரோ, உயரம் சுமார் 180 சென்டிமீட்டர், அகலம் 90, ஆழம் 45. எடை சீராக இருந்தால் அதன் மையம் 90 சென்டிமீட்டர் உயரத்தில். முன்பின்னாகச் சாய்ப்பதற்கு, அதன் எடையில் கால் பங்கு விசை பக்கவாட்டில் வந்தால் போதும், 22.5-ஐ 90-ஆல் வகுத்த எண் அது. இடவலமாகச் சாய்க்க அதைப்போல் இருமடங்கு, அதாவது அரைப் பங்கு வேண்டும். இப்போது 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை லாரி மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்புகிறது. பீரோவை வெளிப்பக்கம் தள்ளும் விசை அதன் எடையில் ஏறக்குறைய 0.31 பங்கு. ஆக, ஆழப்பக்கம் லாரியின் குறுக்கே வரும்படி, அதாவது முதுகை லாரியின் பக்கச் சுவருக்குக் காட்டி நிறுத்தியிருந்தால், கயிறு இல்லாத பீரோ ஆமை வேகத் திருப்பத்திலேயே சாயும். முதுகை டிரைவர் கேபின் சுவருக்குக் கொடுத்து நிறுத்தினால் அகலம் குறுக்கே வரும், வளைவைத் தாங்கும். பிரேக் அடித்தால் முன்னே போகப் பார்க்கும்; அங்கே சுவர் இருக்கிறது. ஐரோப்பியச் சரக்குக் கட்டும் விதியில் முன்பக்கத்துக்கு எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 பங்கு தாங்கும்படி கட்டச் சொல்கிறார்கள். பழகிய லோடுமேன் எந்த விதியும் படிக்காமல் முதல் பீரோவைக் கேபினோடு ஒட்டித்தான் நிறுத்துவார். வண்டி மறுபடி வேகமெடுக்கும்போது பின்பக்கம் விழாமல் இருக்க ஒரு கயிறு மட்டும் போடவேண்டும், அதைத்தான் பல நேரம் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

லாரி ஏறுவதற்கு முன்பே நடக்கும் சேதமும் கொஞ்சமில்லை. மேசையைத் தூக்காமல் இழுக்கிறோம். கால் தரையில் சிக்குகிறது. காலின் நீளம் 45 சென்டிமீட்டர், மேலே சட்டத்துக்குள் அது நுழைந்திருக்கும் ஆழம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அடியில் 10 கிலோ இழுப்பு மேலே இணைப்பில் 100 கிலோவுக்கு மேல் போய் நெம்புகிறது. கடப்பாரை வேலையை மேசைக் காலே செய்துகொள்கிறது. அந்தக் காலத்துத் தச்சர் பொளித்துக் கூர் செருகி மர ஆணி அடித்த தேக்கு மேசை இதையும் பொறுத்துக்கொள்ளும். கூர் கொஞ்சம் ஆடும், மறுபடி இறுக்கலாம். மரத்தூளும் சீவலும் பசையில் கலந்து அழுத்திய பலகையில் செய்த இன்றைய கம்ப்யூட்டர் டேபிள், அலமாரி வகையறாவுக்கு நார் கிடையாது. திருகாணி கடித்துப் பிடிக்க நீண்ட இழை இல்லாததால் நெம்பியதும் தூளாக உதிர்ந்துவிடும். அதே ஓட்டையில் மறுபடி எத்தனை முறை திருகினாலும் பிடிக்காது. அந்த வகைச் சாமானைக் கழற்றி எடுத்துப் போவதா, முழுசாக எடுத்துப் போவதா என்று கேட்டால், கதவை மட்டும் கழற்றிவிட்டு மீதியைப் படுக்க வைக்காமல் நேராக நிறுத்தி எடுத்துப் போவதுதான் என் கட்சி. கட்டில் கதை வேறு. அது கழற்றுவதற்கென்றே செய்தது. கழற்றிய போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு அதே கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் கட்டிவிட்டால், புது வீட்டில் முதல் ராத்திரி தரையில் படுக்க வேண்டியிருக்காது.

கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் எடுத்துப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பது சுவாரசியம். 4 மில்லிமீட்டர் கனம், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடியை இரண்டு முனையில் பிடித்துப் படுக்கவாட்டில் தூக்கினால் தன் எடையிலேயே நடுவில் தொய்யும். அப்போது அதன் அடிப்பரப்பில் வரும் இழுவிசை, அதே கண்ணாடியை நிறுத்திப் பிடித்தால் வருவதைப்போல் 150 மடங்கு. அகலத்தைக் கனத்தால் வகுத்தால் வரும் எண் அதுவேதான். கண்ணாடிக்கு அழுத்தம் தாங்கும், இழுவை தாங்காது. 1920-களின் தொடக்கத்தில் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கண்ணாடியின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன. இழுவை வரும்போது அவ்வளவு விசையும் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது, நுனி கிழிந்து முன்னேறுகிறது. ஆகவே கண்ணாடியின் எதிரி அதன் விளிம்புதான். வெட்டிய இடத்தில்தான் கீறல்கள் அதிகம். நடுவில் நாலு சுற்று துணி சுற்றிவிட்டு விளிம்பை லாரியின் இரும்புத் தளத்தில் நேராக நிறுத்துவது வீண் உழைப்பு. குறுக்காக டேப் ஒட்டுவார்களே, அது உடையாமல் காப்பதற்கில்லை. உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்து வைப்பதற்கு. அதற்காகவாவது ஒட்டலாம்.

சுற்றுவதற்கு எது நல்லது? கடையில் கேட்டால் பபிள் ஷீட் என்பார்கள். 1957-ல் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதம் செய்யப் போய் எதேச்சையாகக் கிடைத்த சரக்கு அது. சுவர்க் காகிதமாக விலை போகவில்லை. பிறகு ஐபிஎம் கம்ப்யூட்டர்களைப் பத்திரமாக அனுப்பப் பயன்பட்டுப் பிழைத்துக்கொண்டது. நல்ல பொருள்தான், ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் அரக்குப் பாலிஷ் போட்ட மேசைமேல் நேராக அதைச் சுற்றி இறுக்கினால் பாலிஷ் இளகி, குமிழ் குமிழாகத் தடம் பதிந்துவிடும். செய்தித்தாளைச் சுற்றினால் தலைப்புச் செய்தி மேசையில் ஏறும். முதலில் பழைய பருத்தி வேட்டி, அதற்குமேல் மற்றதெல்லாம். பளபளவென்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது இப்போது வீடு மாற்றித் தரும் கம்பெனிகளின் அடையாளமாகிவிட்டது. தூசும் தண்ணீரும் அண்டாது என்பதற்கு அது சரி. அடியைத் தாங்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். நின்று அமுங்க அதற்குக் கனமே கிடையாது.

மெத்தென்று இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. டிவியைக் கட்டில் மெத்தையின்மேல் சும்மா வைத்து ஏற்றுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மெத்தைமேல் வைத்த எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் கணக்கு உண்டு. ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை அது திரும்பி வரும் நேரம் பார்த்து மெல்லத் தள்ளினாலே உயரம் ஏறிக்கொண்டு போகிற மாதிரி, லாரியின் ஆட்டமும் அந்தப் பொருளின் ஆட்டமும் ஒத்துப்போனால் ஒவ்வொரு குலுக்கலும் முந்தையதோடு சேர்ந்து, தளம் ஓர் அங்குலம் ஆடினால் டிவி இரண்டு மூன்று அங்குலம் குதிக்கும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிறுத்தி, மூன்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டினால் மெத்தை ஓரளவு அமுங்கிய நிலையிலேயே இருக்கும். குதிக்க விடாது, இடித்தால் விட்டும் கொடுக்கும். பபிள் ஷீட் வருவதற்கு முன் நம் ஊரில் வைக்கோல்தான் இந்த வேலையைப் பார்த்தது. சேலத்து மாம்பழம் வைக்கோலில்தான் ஊர் ஊராகப் போனது. ஒவ்வொரு தாளும் வளைந்து, உரசி, ஒடிந்து அடியின் வேகத்தைத் தின்றுவிடும். உரசலில் தின்பதால் திருப்பி உதைக்காது. ஸ்பிரிங்கோ ரப்பரோ வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். திருப்பிக் கொடுக்காத மெத்தையே சாமானுக்கு நல்ல மெத்தை. வீட்டில் இருக்கும் பழைய புடவை, போர்வை, தலையணை எல்லாம் இந்த வகையில் முதல் தரம். அவற்றையும் எப்படியும் எடுத்துத்தானே போக வேண்டும்.

பிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அது குளிரூட்டும் குழாய்க்குள் ஓடிவிடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், இறக்கி நிறுத்திச் சில மணி நேரம் பொறுத்து, எண்ணெய் திரும்பி வடிந்த பிறகு சுவிட்ச் போடுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மாறுகிறவர்களின் தேக்கு மேசைக்கு லாரியில் ஒன்றும் ஆகியிருக்காது. மலையேற்றி வைத்துச் சில வாரம் கழித்து இழுப்பறை திறக்க வராது. லோடுமேனைத் திட்டிப் பயனில்லை. மரம் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்பத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் உள்ள கோடையில் மரத்துக்குள் ஈரம் அதன் எடையில் 6 சதவீதம்போல் இருக்கும். 80 சதவீத ஈரக் காற்றில் 16 வரை ஏறும். 1,500 மீட்டர் உயரத்தில் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மலையில் மரம் பருப்பது நியாயம்தான். நீளத்தில் அது ஏறக்குறைய மாறாது, அகலத்தில்தான் மாறும். அரை மீட்டர் அகலப் பலகை சில மில்லிமீட்டர் வளரும். இது தெரிந்ததால்தான் பழைய தச்சர்கள் கதவின் நடுப்பலகையை ஆணி அடிக்காமல் சட்டத்தின் காடியில் சும்மா செருகி விட்டார்கள், அது பருக்கவும் சுருங்கவும் இடம் விட்டு. இழுப்பறை சிக்கினால் உடனே இழைப்புளி போட வேண்டாம். கோடை வரட்டும், இழைத்துவிட்டால் அப்போது லொடலொடக்கும்.

ஆனி மாதக் கடைசியில், ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டுமென்று ஊரே வீடு மாறும். லாரியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது, கிடைத்த ஆளுக்கு அன்றைக்கு அது மூன்றாவது வீடு. அந்த அவசரத்தில் புது வீட்டில் இறக்கிய இரும்புப் பீரோவின் கதவு சாத்த மறுக்கும். இரண்டு கதவும் நடுவில் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்கும், சாவி திரும்பாது. வண்டியில் வளைத்துவிட்டார்கள் என்று வாடகையில் பிடித்தம் செய்யக் கிளம்பும் முன், பீரோவின் நாலு காலும் தரையில் படிந்திருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டுமென்று நம் வீட்டுத் தரைகளில் வாட்டம் வைத்திருப்பார்கள். மெல்லிய தகட்டில் செய்த பெட்டிக்கு முன்பக்கம் முழுக்கக் கதவு. முறுக்கைத் தடுக்க அங்கே தகடு கிடையாது. ஒரு கால் இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தில் இறங்கினாலே கூடு முறுக்கிக்கொள்ளும், மேலே கதவு விலகும். எந்தக் கதவு தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கத்து முன்காலுக்கு அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகிப் பாருங்கள். சாத்தவில்லையென்றால் இன்னொரு மடிப்பு. அதற்கும் மசியவில்லையென்றால் அப்புறம் லாரிக்காரரிடம் பேசலாம்.